வலி மிகும் இடம்

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எவரும் வலிமிகும் இடங்களையும் வலிமிகா இடங்களையும் கற்பிக்காமல் பணி ஓய்வு பெற இயலாது. 'தந்த பலகை' என்றால் ஒருவர் கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தால் இழைத்த பலகை. இடையே நுழைந்த ஒரு பகர ஒற்று பொருளையே மாற்றிவிடுகிறது. முப்பது ஆண்டுகளாக இந்த எடுத்துக்காட்டைப் பலகையில் எழுதி வந்திருக்கிறேன். வலி என்னும் சொல்லுக்கு வல்லெழுத்து என்பதும் பொருள். வலிமை என்பதும் பொருள். நோவு என்பதும் பொருள். இம்மூன்றையும் ஒருசேர எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு, அண்மையில் ஒரு பள்ளி விடுமுறையின்போது, அம்பாங் பெச்சாவில் ஒரு வீட்டின் பின்கட்டில் எனக்குக் கிட்டியது.

அம்பாங் பெச்சாவை அறியாதார்க்கு ஒரு சொல். சிலாங்கூரின் வடபகுதியில், கோல குபு பாரு நகரை ஒட்டி அமைந்த சிற்றூர் அது. மலாய் மொழியில் 'அம்பாங்' என்பது அணை. 'பெச்சா' என்பது உடைதல். 1883-ஆம் ஆண்டு அங்கிருந்த பழைய அணை உடைந்து, வெள்ளம் பழைய கோல குபு நகருக்குள் புகுந்தது. ஆங்கிலேய அதிகாரி செசில் ரேங்கிங் உட்படப் பலர் மாண்டனர். பின்னர் நகரம் மேட்டுப்பகுதிக்குப் பெயர்ந்து 'பாரு', அதாவது புதியது, என்னும் அடைமொழியைப் பெற்றது. பழைய இடத்திற்கோ உடைந்த அணையின் பெயரே நிலைத்துவிட்டது. தாங்கும் அளவைக் கடந்த ஒன்றின் நினைவைப் பெயராகவே சுமக்கும் ஊர்கள் உலகில் மிகப் பல இரா.

நான் காணச் சென்றவர் என் பழைய மாணவர். நாற்பது வயதைக் கடந்தவர். பட்டறையொன்றில் மின்மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் தொழிலைக் கற்றவர். செம்பனை ஆலைகளில் எரிந்துபோகும் மோட்டார்கள் பல அவர் கைவழியே மீண்டும் உயிர்பெற்றிருக்கின்றன. மாலை வேளைகளில் அவர் வேறொன்றைச் சுற்றுகிறார். மின்கித்தாருக்கான பிக்கப். அதிலும், 'மெட்டல்' என்று இளைஞர் வழங்கும் இசையின் மிகக் கடுமையான வகைகளாகிய டெத் மெட்டல், பிளாக் மெட்டல் ஆகியவற்றை வாசிப்போர்க்கு வேண்டிய, மிகுதிறன் கொண்ட பிக்கப். இதனைப் படிக்கும் தமிழாசிரியர் பலர் இந்த இடத்தில் முகம் சுளிப்பர் என்பதை அறிவேன். யானும் அவ்வாறு சுளித்தவனே. அதனால் விளைந்த தீங்கைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பிக்கப் என்பது என்ன? காந்தத் துண்டுகளைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியைப் பல்லாயிரம் முறை சுற்றிய ஒரு சிறு சுருள், அவ்வளவே. கித்தாரின் எஃகுத் தந்திகள் அதன்மேல் அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அசையும் புலம் கம்பியில் மின்னை எழுப்புகிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்து கூறிய விதிதான் இது. நம் வீட்டு விளக்கு எரிவதும் இவ்விதியால்தான். தந்தியின் அதிர்வு இவ்வாறு மின்னலையாகிப் பெருக்கிக்குச் சென்று மீண்டும் ஒலியாகிறது. இக்கருவி ஏன் பிறந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், பெரிய இசைக்குழுக்களின் ஊதுகுழல்களுக்கும் முரசுகளுக்கும் இடையே கித்தாரின் மெல்லிய ஓசை எவர் செவியிலும் விழவில்லை. அம்மெல்லிய ஓசையைக் கேட்கச் செய்யவே பிக்கப் வந்தது. பேரோசைக்கென்று இன்று பழிக்கப்படும் ஒன்று, எளியதன் குரலைக் காப்பதற்கென்றே தோன்றிற்று.

நம் கருநாடக இசையிலும் இதற்குச் சான்று உண்டு. 2014-இல் மறைந்த மாண்டலின் சீனிவாசனை அறியாதார் யார்? இரட்டைத் தந்திகள் நான்கு கொண்ட மேனாட்டு மாண்டலினை விடுத்து, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மாண்டலினை அவர் கையாண்டார். மரத்தாலான பழைய மாண்டலினின் ஓசை தட்டியதும் தேய்ந்துவிடும். கமகத்திற்கோ ஓசை நின்று நீள வேண்டும். பிக்கப் அந்த நீட்சியைத் தந்தது. ஆதலின் பிக்கப்பைக் குழைவின் பகை என்று சொல்லுதல் பொருந்தாது.

அப்படியாயின் பகை எது? கம்பியைச் சுற்றும் எண்ணிக்கையா?

என் மாணவர் காட்டிய கணக்கு என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. 1955-இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் என்பார் இரட்டைச் சுருள் பிக்கப்பை வடிவமைத்தார். மின்னிரைச்சலை ஒன்றையொன்று அழிக்குமாறு எதிரெதிராக அமைந்த இரு சுருள்கள். சுருளுக்கு ஏறத்தாழ 5,000 சுற்றுகள். என் மாணவர் அன்று சுற்றிக்கொண்டிருந்தது சுருளுக்கு 7,000 சுற்றுகள். கம்பியின் தடிமன் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, தலைமயிரினும் மெலியது. ஒரு சுருளில் மட்டும் ஏறத்தாழ 900 மீட்டர் கம்பி அடங்குகிறது. இரண்டு சுருளும் சேர்ந்தால் அவர் வீட்டிலிருந்து கடைத்தெருவுக்குச் சென்று திரும்பலாம். இத்தனையும் உள்ளங்கையில் மறையும் ஒரு சிறு பெட்டிக்குள்.

சுற்று கூடினால் மின்னழுத்தம் கூடும். இதுவரை மகிழ்ச்சியே. ஆனால் சுருளின் மின்தூண்டல் என்னும் பண்பு சுற்றின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்கிறது. சுற்று இருமடங்கானால் தூண்டல் நான்மடங்காகும். அது வளருந்தோறும் உயர்ந்த சுரங்கள் அச்சுருளைக் கடந்து வர இயலாமல் உள்ளேயே மடிகின்றன. தந்தியை நகம் தொடும் 'ணங்' என்னும் ஒலி, விரல் வழுக்கும் ஓசை, மேல்நிலைச் சுரங்களின் மினுமினுப்பு ஆகிய அனைத்தும் ஒவ்வொன்றாக மங்குகின்றன. அதன்பின் பெருக்கியோ, வரும் அலை அளவுக்கு மிஞ்சியதாயின் அதன் தலையைச் சீவிவிடுகிறது. மெட்டல் இசையின் கரகரப்பு அந்தச் சீவலால் பிறப்பதே. ஆயின் தலை சீவப்பட்ட பின், மெல்லத் தட்டிய தந்தியும் ஓங்கித் தட்டிய தந்தியும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கின்றன. கை மென்மையாக இருந்ததா வன்மையாக இருந்ததா என்பது கேட்போர்க்குத் தெரியாமற் போகிறது.

இதனைக் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவை பால்மரங்களே. என் தந்தையார் கெர்லிங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் மரம் வெட்டியவர். 1970களில் மரத்தின் பட்டையில் ஒரு மருந்தைப் பூசும் வழக்கம் தோட்டங்களில் பரவிற்று. எத்தெபோன் என்பது அதன் பெயர். பூசினால் பால் உறைந்து அடைபடாமல் நெடுநேரம் வடியும். மங்கு நிறைந்து வழியும். அளவோடு பூசியவரை நன்மையே விளைந்தது. அளவு மிஞ்சிப் பூசி, அடிக்கடி வெட்டிய மரங்களிலோ பட்டை வறண்டது. வெட்டினாலும் ஒரு சொட்டும் கசியாத மரங்களாக அவை நின்றன. அப்படி ஒரு வரிசை மரங்களைக் காட்டி என் தந்தையார், "இவற்றுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை" என்றார். மரத்தைப் பற்றித்தான் சொன்னார். வள்ளுவரும் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் மயிற்பீலியையும் வண்டி அச்சையும் காட்டி இதே கருத்தை வைத்திருக்கிறார். பீலி மெலியது, கம்பியும் மெலியது. ஒரு சுற்றை எடுத்துக்காட்டி, இதனால்தான் கெட்டது என்று எவராலும் சொல்ல முடியாது. மிகையின் தன்மையே அது. அது எந்தச் சுற்றில் தொடங்கிற்று என்பதை அது நிகழும்போது நாம் அறிவதில்லை.

இவ்வளவில் நிறுத்தியிருந்தால், மேனாட்டு இரைச்சலைப் பழித்தெழுதிய கட்டுரைகளில் இதுவும் ஒன்றாகிவிடும். அவ்வாறு நிறுத்துவது நேர்மையாகாது. ஏனெனில் யான் ஒருமுறை அங்கேயே நிறுத்தியவன்.

2001-ஆம் ஆண்டு. கெடா மாநிலத்தில் பள்ளி மாணவர் சிலர் பிளாக் மெட்டல் இசையில் ஈடுபட்டுத் தீய வழக்கங்களைக் கைக்கொண்டனர் என்று நாளிதழ்களில் செய்தி பெருகிய காலம். நாடெங்கும் பெற்றோர் கலங்கினர். அப்போது இவருக்கு வயது பதினேழு. என்னிடம் தமிழ் படித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவர். வார இறுதிகளில் செம்பனையின் உதிரிப் பழங்களைப் பொறுக்கிச் சேர்த்த பணத்தில் பழைய மின்கித்தார் ஒன்றை வாங்கியிருந்தார். அவர் தந்தை, தோட்டத்து லாரி ஓட்டுநர், நாளிதழைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தார். "வாத்தியாரையா, பையன் இந்த மாதிரிப் பாட்டைத்தான் கேட்கிறான். என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

யான் அந்த இசையை ஒரு நிமிடமேனும் கேட்டவனல்லன். அந்தப் பையன் என்ன வாசித்தான் என்பதையும் கேட்டவனல்லன். ஆயினும், "அந்தக் கருவியை வீட்டில் வைக்காதீர்கள். கடுமையான ஓசை மனத்தையும் கடுமையாக்கும்" என்று உறுதியாகச் சொன்னேன். ஆசிரியன் சொல்லுக்குத் தோட்டத்தில் அன்று இருந்த மதிப்பை நீங்கள் அறிவீர்கள். மறுவாரமே கித்தார், பழைய இரும்பு வாங்கும் லாரியில் ஏறிற்று.

கடுமையான ஓசை மனத்தைக் கடுமையாக்குமா? இதுவே நாம் ஆராய வேண்டிய வினா. அன்று யான் சொன்னது ஆராய்ந்து பெற்ற முடிபன்று; அச்சத்தில் பிறந்த வாக்கியம். நம் இலக்கணமே அதனை மறுக்கின்றது. தொல்காப்பியர் செய்யுளியலில் வண்ணங்கள் இருபதனைக் கூறுமிடத்து, மெல்லிசை வண்ணத்தோடு வல்லிசை வண்ணத்தையும் வைத்தார். வல்லெழுத்து மிகுந்து வரத் தொடுப்பதும் ஓர் அழகு என்பது அவர் கொள்கை. வல்லிசை பாடிய புலவன் மனமும் வன்மனம் என்று அவர் யாண்டும் கூறினாரில்லை. இனி இக்கட்டுரையில் மெட்டல் இசையை வல்லிசை என்றே வழங்குகிறேன். அவர் தந்த சொல் இருக்க வேறு சொல் எதற்கு?

நம் பறையை நோக்குவோம். தோலைத் தீயில் காய்ச்சி, விறைப்பேற்றி, அதன்பின் அடிப்பர். உறுமி மேளம் இன்று நம் நாட்டு இளைஞரின் உயிராகிவிட்டது. கோயில் திருவிழாவில் விடியற்காலை ஐந்து மணிக்கே ஒலிபெருக்கியைத் திருப்பிவிடும் நாம், அண்டை வீட்டுப் பையனின் கித்தாரைக் கண்டு காதைப் பொத்துகிறோம். பேரோசை என்பதற்காக நாம் எதனையும் வெறுத்ததில்லை. பழகாத பேரோசையைத்தான் வெறுக்கிறோம்.

வல்லிசையின் பிறப்பும் அறியத்தக்கது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த டோனி அயோமி என்னும் இளைஞர், பதினேழாம் வயதில், அவ்வேலையை விட்டு நீங்கவிருந்த கடைசி நாளில், இயந்திரத்தில் கை சிக்கி வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தார். இடக்கை வழக்கமுடையவர் ஆதலால் தந்தியை அழுத்த வேண்டியது அவ்வலக்கையே. நெகிழிப் புட்டியை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்து மாட்டினார். மெல்லிய தந்திகளை நாடினார். பின்னர் அழுத்துவது எளிதாகுமாறு தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். 1970-இல் அவருடைய பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. வல்லிசை அனைத்துக்கும் ஊற்று அதுவே என்பர். மரம் வெட்டும் கத்தியாலும் ஆலை இயந்திரத்தாலும் விரல் இழந்தோர் நம்மிலும் உண்டு. ஓங்கி ஒலிக்கும் ஓர் இசையின் அடியில் தொழிலாளி ஒருவனின் நோவு கிடக்கிறது என்பதை 2001-இல் யான் அறிந்திருந்தால், அந்த ஓட்டுநருக்கு வேறு விடை சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் நம்ப விரும்புகிறேன்.

அண்டை நாட்டிலேயே இன்னொரு சான்று இருந்தது. சிங்கப்பூரில் 1992-இல் தோன்றிய ருத்ரா என்னும் குழுவினர் நம்மவரே. டெத் மெட்டல் இசையில் வேதாந்தக் கருத்துகளையும் வடமொழிச் சுலோகங்களையும் அமைத்துப் பாடியவர்கள். 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் 'பிரம்மவித்யா' என்னும் பெயரில் மூன்று இசைத்தொகுப்புகளை வெளியிட்டனர். உபநிடதத்தை இத்தகைய உறுமலில் பாடுவது தகுமா என்று கேட்போர் உளர். எனக்கும் அது செவிக்கினியதாக இல்லை. மும்முறை முயன்று இரண்டாம் பாட்டோடு நிறுத்திக்கொண்டேன். ஆயினும் இனிமையின்மையை ஒழுக்கக்கேடு என்று கருதிய என் பழைய பிழையை அது சுட்டிக்காட்டிற்று.

ஆக, வல்லிசை தீதன்று. மிகை தீதோ எனின், அதற்கு விடை கைவினைஞனிடம் கிடைத்தது. புறத்திலிருந்து நோக்குவார் வல்லிசைக்குப் பிக்கப் செய்பவர் சுற்றிக்கொண்டே போவார் என்று நினைப்பர். அவ்வாறன்று. வல்லிசையில் சுருதி மிகவும் தாழ்ந்து நிற்கும். அத்தாழ்ந்த சுரங்கள் கரகரப்பில் குழைந்து சேறாகிவிடும். ஆதலின் அவ்விசைக்குத்தான் தெளிவு மிகுதியும் தேவை. இந்த இசைக்கென்று புகழ்பெற்ற பிக்கப்புகளுள் ஒன்று ஈ.எம்.ஜி. 81. அதன் சுருளில் சுற்று குறைவு. அதனுள்ளே ஒன்பது வோல்ட் மின்கலத்தால் இயங்கும் சிறு பெருக்கி உண்டு. சுருள் தன் அடக்கத்தால் மேல்சுரங்களை இழக்காமல் ஏந்தித் தருகிறது. வலிமை பின்னால் வந்து சேர்கிறது. இதற்கு மாறாக, 1972-இல் லாரி டிமார்சியோ செய்த 'சூப்பர் டிஸ்டார்ஷன்' சுற்றையும் காந்தத்தையும் கூட்டி வலிமை பெற்றது. அதுவும் புகழ்பெற்றதே. இரண்டு வழியிலும் ஏதோ ஒன்று விலையாகக் கொடுக்கப்படுகிறது. எதை விலையாகக் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுப்பவனை என் மாணவர் கைவினைஞன் என்கிறார். அறியாமல் கொடுப்பவனுக்கு அவர் வைத்த பெயரை இங்கு எழுத இயலாது.

எண்களைப் பற்றி இடையே ஒன்று. வாங்க வருவோர் பலர் பிக்கப்பின் மின்தடை எத்தனை கிலோ ஓம் என்றுதான் முதலில் கேட்கிறார்களாம். மின்தடை மிகுந்தால் திறன் மிகும் என்பது அவர்கள் எண்ணம். கம்பியை மெலிதாக்கினாலே தடை கூடிவிடும். அதற்காகத் திறன் கூடியதாகாது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்படும்வரை ஏழு 'ஏ' எட்டு 'ஏ' என்று எண்ணி எண்ணிப் பள்ளியின் வாயிலில் பதாகை கட்டியவன் யான். அவரிடம் இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

அவர் பட்டறையில் கண்ட இரண்டு செயல்கள் என்னை விட்டு இன்னும் அகலவில்லை. ஒன்று, மெழுகில் ஆழ்த்துதல். சுற்றி முடித்த சுருளைப் பாரஃபின் மெழுகும் தேன்மெழுகும் கலந்து உருக்கிய பாத்திரத்தில், கொதிக்கவிடாமல் மிதமான சூட்டில், காற்றுக் குமிழி எழுவது நிற்கும்வரை வைக்கிறார். மெழுகு ஒவ்வொரு சுற்றின் இடையிலும் புகுந்து இறுகுகிறது. ஏன் என்று கேட்டேன். சுற்றுகள் தளர்ந்திருந்தால், பேரோசையில் அவை தாமே அதிரும். அதிர்ந்து தந்தியின் ஓசையோடு தம் ஓசையையும் சேர்த்து அனுப்பும். அது பெருக்கிக்குச் சென்று பெருகித் திரும்பி வந்து மீண்டும் அவற்றை அதிரச் செய்யும். முடிவில் காதைத் துளைக்கும் கீச்சொலியே எஞ்சும். "சத்தம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு உள்ளே அசையாமல் இருக்க வேண்டும் ஐயா" என்றார். அவர் பிக்கப்பைப் பற்றித்தான் சொன்னார், என் தந்தையார் மரத்தைப் பற்றிச் சொன்னது போல.

மற்றொன்று, உயரத்தைச் சரிசெய்தல். பிக்கப்பைத் தந்திக்கு மிக அருகில் உயர்த்தினால் ஓசை பெரிதாகும் என்று எவரும் எண்ணுவர். ஓர் அளவுக்கு அது உண்மையே. அதற்குமேல் காந்தம் தந்தியைத் தன்பால் இழுக்கத் தொடங்குகிறது. இழுபட்ட தந்தி இயல்பாக அதிர முடியாமல் சுருதி பிறழ்கிறது. ஓசையும் விரைவில் அடங்கிவிடுகிறது. அவர் திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பிக்கப்பை இறக்கினார். இறக்க இறக்கத் தந்தி உயிர்பெற்றது. பிள்ளைகளை நெருங்கி நின்று ஆளாக்க முயன்ற என் பணிக்காலத்தில், இறங்கி நின்றால் அதிர்ந்திருக்கக் கூடிய தந்திகள் எத்தனை என்று எண்ணலானேன். சிலருடைய முகங்கள் நினைவுக்கு வந்தன. பெயர்கள் வரவில்லை.

என் குரலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியனானபின் யான் உரத்தே பேசப் பழகிவிட்டேன். சபை கூடலில் உரத்த குரல். வகுப்பில் உரத்த குரல். சிற்றுண்டிச் சாலையில் வரிசை பிசகினாலும் அதே குரல். ஒருநாள் ஒரு மாணவன் சாலையில் ஓடும் காரை நோக்கி அறியாமல் ஓடியபோது கத்தினேன். அவன் நிற்கவில்லை. காரோட்டிதான் நிறுத்தினார். பின்னர் அவனைக் கேட்டபோது, "ஐயா எப்போதும் போலக் கூப்பிட்டதாக நினைத்தேன்" என்றான். எட்டு வயதுப் பிள்ளை. அவன்மேல் குற்றமில்லை. அவசரத்துக்கென்று எடுத்து வைக்க என்னிடம் வேறு குரல் இருக்கவில்லை. எல்லா அலையும் ஏற்கெனவே தலை சீவப்பட்டவை. எல்லா இடத்திலும் வலி மிகுத்து எழுதுபவனுடைய ஏட்டில், தந்த பலகை எது, தந்தப் பலகை எது என்று எவர் அறிவார்?

வல்லிசைக் கலைஞனுக்கும் எனக்கும் உள்ள வேற்றுமை இங்கே புலப்பட்டது. அவன் கருவியை எடுக்கும்போது கடுமையைத் தேர்ந்தெடுக்கிறான். வைத்துவிட்டு இயல்பாகப் பேசுகிறான். என் மாணவரின் பேச்சு மிக மெல்லியது. மோட்டார் ஓடும்போது அவர் சொல்வதைக் கேட்க யான் குனிய வேண்டியிருந்தது. யானோ கடுமையைத் தேர்ந்ததில்லை. அது என்மேல் நாளுக்கொரு சுற்றாகச் சுற்றிக்கொண்டது.

இவற்றையெல்லாம் எண்ணியவாறே அவர் அருகில் அமர்ந்திருந்தேன். தையல் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு அவரே அமைத்த சுற்றுபொறி அது. மிதிகட்டையை அழுத்தினால் சுருள் சுழலும். கம்பியை இரு விரல்களுக்கிடையே பிடித்து இடமும் வலமுமாகச் செலுத்துகிறார். இயந்திரம் சுற்றுவது போல் ஒழுங்காக அடுக்கினால் ஓசை மங்கும் என்றும், கை செலுத்தும்போது நேரும் ஒழுங்கின்மையால் சுற்றுகள் ஒன்றையொன்று நெருங்கிப் படியாமல் மேல்சுரங்கள் பிழைக்கின்றன என்றும் கூறினார். விரல் சற்று இறுகினால் கம்பி அறுந்துவிடும்; சற்றுத் தளர்ந்தால் சுருள் நெகிழ்ந்துவிடும். எண்காட்டியில் சுற்றுகள் ஏறிக்கொண்டிருந்தன.

"தம்பி, உன் அப்பாவிடம் அந்தக் கித்தாரைப் பற்றிச் சொன்னது நான்தான்" என்றேன்.

மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தார். கம்பியை மட்டும் விடவில்லை. விட்டால் அதுவரை சுற்றியது வீணாகும். விரலிடையே இழுத்துப் பிடித்தவாறே இருந்தார்.

"தெரியும் ஐயா. அப்பா சொல்லியிருக்கிறார்" என்றார். சிறிது நேரம் கழித்து, "நாற்பது வெள்ளிக்குப் போனது. அந்தப் பணத்தில் எனக்குப் பள்ளிக் காலணி வாங்கிக் கொடுத்தார். நான் அதை ஒருநாளும் போட்டதில்லை. அப்பா இருந்தவரை அது வாசலிலேயே இருந்தது" என்றார்.

யான் தவறு செய்துவிட்டேன் என்று சொன்னேன். பல ஆண்டுகளாக மாணவரை நோக்கி யான் சொல்லச் சொல்லிய சொற்களே அவை. அவர் தலையசைத்தார், ஏற்றுக்கொண்டதற்கா, கேட்டுக்கொண்டதற்கா என்று என்னால் அறிய முடியவில்லை. எண்காட்டியில் 4,318 என்று இருந்தது. அவர் மீண்டும் மிதிகட்டையை மெல்ல அழுத்தினார்.